விரிவும் விரைவும்



மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை அவனுடைய மேசையோடு முடிந்துவிடும். ஒரு சில மட்டும் அச்சேறி, ஊர் சுற்றிவிட்டு, அவனிடமே திரும்பி வரும். அவ்வாறு என்னிடம் திரும்பி வந்த ஒரு பிழையைச் சொல்லித்தான் இன்றைய பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். பௌதிகத்துக்கான நோபெல் பரிசு மூன்று வானியல் அறிஞர்களுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றிய ஓர் ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் கலைப் பட்டதாரி. பௌதிகத்துக்கும் எனக்கும் இருந்த உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோன ஒன்று. 'பிரபஞ்சத்தின் விரிவு விரைவடைந்து வருகிறது' என்று எழுதியிருக்க வேண்டும். விரிவு, விரைவு என்று ஒலி ஒத்த இரு சொற்கள் அடுத்தடுத்து வருவது செவிக்கு இனிமையாக இல்லை; கூறியது கூறல் போலவும் பட்டது. ஆகவே ஒன்றை வெட்டிவிட்டு, 'பிரபஞ்சம் விரிவடைந்து வருகிறது என்று கண்டறிந்தமைக்காக' என்று எழுதினேன். நடை சீராகத்தான் இருந்தது. செய்திதான் செத்துப் போயிற்று.

பதினைந்து நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஜாம்ஷெட்பூரில் நெடுங்காலமாக வாழும் தமிழர். ஓய்வு பெற்ற ஆசிரியர். 'பிரபஞ்சம் விரிகிறது என்பது 1929-ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டதே! 82 ஆண்டுகள் கழித்து அதற்கு எதற்காகப் பரிசு?' என்று கேட்டிருந்தார். கேள்வியில் கோபம் இல்லை, ஐயம்தான் இருந்தது. எனக்கோ பதில் தெரியவில்லை. அந்த அட்டையை மேசை இழுப்பறையில் வைத்தேன். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. நான் வெட்டிய அந்த ஒரு சொல்லில் என்ன இருந்தது என்பதை அறிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அறிந்தவற்றை இயன்ற வரை தெளிவாக இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் விரிவைப் பார்ப்போம்.

1915-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் தம்முடைய பொதுச் சார்புக் கொள்கையை வெளியிட்டார். பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்று நியூட்டன் சொன்னதை, பொருள் இருக்குமிடத்தில் வெளியும் காலமும் வளைகின்றன என்று ஐன்ஸ்டைன் விளக்கினார். 1917-இல் அக்கொள்கையைப் பிரபஞ்சம் முழுவதற்கும் பொருத்திப் பார்த்தபோது ஓர் இடர் தோன்றியது. அக்காலத்து அறிஞர்கள் பிரபஞ்சம் என்றும் அசையாது நிலைபெற்றது என்றே நம்பினர். ஆனால் எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுத்துக்கொண்டிருந்தால் பிரபஞ்சம் நிலையாக நிற்க இயலாது. ஒரு நாள் குவிந்து நொறுங்கிவிட வேண்டும். அதைத் தடுக்க ஐன்ஸ்டைன் தம் சமன்பாட்டில் ஓர் உறுப்பைச் சேர்த்தார். லாம்டா என்னும் கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் அதற்குப் பிரபஞ்ச மாறிலி என்று பெயர். ஈர்ப்பின் இழுப்பை எதிர்த்து மெல்லத் தள்ளுவது அதன் வேலை.

ருஷ்யாவில் அலெக்சாந்தர் பிரீட்மன் 1922-இலும், பெல்ஜிய நாட்டுப் பாதிரியாரான ஜார்ஜ் லெமெய்த்தர் 1927-இலும், பிரபஞ்சம் விரியக் கூடும் என்று கணக்கினால் காட்டினார்கள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்திலுள்ள லோவெல் வானிலையத்தில் வெஸ்டோ ஸ்லைபர் என்பவர் 1912 முதல் அண்டங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்து வந்தார். அவற்றுள் பெரும்பாலானவற்றின் ஒளி, நிறமாலையில் சிவப்பு முனையை நோக்கி நகர்ந்திருப்பதைக் கண்டார். ஒளியின் அலை வழியில் நீண்டு போயிருக்கிறது என்பதற்கு அது அறிகுறி. இங்கே நான் அண்டம் என்று சொல்வது கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு பெருங்கூட்டத்தை. நம் சூரியன் அடங்கிய பால்வீதியும் அத்தகைய அண்டங்களுள் ஒன்று.

அண்டங்கள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதை அளக்கும் கோலைத் தந்தவர் ஹார்வர்டில் பணியாற்றிய ஹென்ரியெட்டா லெவிட் என்னும் பெண்மணி. ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கும் ஒரு வகை நட்சத்திரங்களில், துடிப்பின் கால அளவுக்கும் உண்மையான ஒளித்திறனுக்கும் தொடர்புண்டு என்று 1912-இல் அவர் நிறுவினார். அக்கோலை எட்வின் ஹபிள் கையில் எடுத்தார். கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலை மீதிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியில் அவருக்குத் துணை நின்றவர் மில்டன் ஹூமேசன். இளமையிலேயே பள்ளியை விட்டவர். அம்மலைக்குக் கோவேறு கழுதைகளின் மேல் சாமான் ஏற்றிச் சென்றவர். பின்பு அங்கேயே சிற்றூழியராக இருந்து தேர்ந்த நோக்காளராக உயர்ந்தவர். 1929-இல் ஹபிள் வெளியிட்ட முடிவு இது: ஓர் அண்டம் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக நம்மைவிட்டு விலகிச் செல்கிறது.

இன்றைய கணக்கின்படி ஏறத்தாழ 33 லட்சம் ஒளியாண்டு தொலைவு கூடுந்தோறும் விலகும் வேகம் விநாடிக்கு 70 கிலோமீட்டர் அளவில் கூடுகிறது. ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம். ஐன்ஸ்டைன் 1931-இல் மவுண்ட் வில்சனுக்கு நேரில் சென்று பார்த்தார். பிரபஞ்சம் விரிகிறது என்றால் அதை நிறுத்தி வைக்க லாம்டா எதற்கு? அதைக் கைவிட்டார்.

இந்த விரிவை என் தாயாருக்கு விளக்க நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். தில்லியில் எங்களோடு வசிப்பவர். நேயர்களில் வடநாட்டில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: மார்கழி, தை மாதங்களில் இங்கே இட்லி மாவு பொங்காது. கம்பளியைச் சுற்றி, அடுப்படி ஓரத்தில் வைத்து, மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் அரைத்து வைத்தபடியே இருக்கும். சித்திரையிலோ பாத்திரத்தை மீறி வழிந்தோடும். அப்படி வழிந்த ஒரு நாளில்தான் நான் உவமை கண்டேன்.

"அம்மா, இந்த மாவில் அங்கங்கே கடுகு தூவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு பொங்கும்போது ஒவ்வொரு கடுகும் மற்றக் கடுகுகளை விட்டு விலகும். எந்தக் கடுகும் தானாக நடந்து போகவில்லை. நடுவில் உள்ள மாவுதான் உப்புகிறது. பக்கத்துக் கடுகு கொஞ்சம் விலகும். தூரத்துக் கடுகு நிறைய விலகும். கடுகுதான் அண்டம், மாவுதான் வெளி" என்றேன். உவமைக்கு ஒரு குறை உண்டு. மாவுக்குப் பாத்திரமும் விளிம்பும் உண்டு, பிரபஞ்சத்துக்கு அவ்வாறு ஒரு விளிம்பு இருப்பதாக அறியப்படவில்லை. அதையும் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் யோசித்தார். "மாவு பொங்குகிறது சரி. அதற்குப் புளிப்பு எது?" என்று கேட்டார்.

நேயர்களே, இன்றைய வானியலின் தலையாய கேள்வி இதுதான். அதை அறிஞர்கள் வந்தடைந்த வழியை இனிக் காண்போம்.

தொடக்கத்தில் ஏற்பட்ட ஒரு பெரும் உந்துதலால் பிரபஞ்சம் விரியத் தொடங்கியது என்பதும், அது நிகழ்ந்து ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் ஆயின என்பதும் இன்று பலவகை ஆதாரங்களால் உறுதிப்பட்டவை. ஆனால் மேல் நோக்கி எறிந்த கல் வரவர வேகம் குறைவது போல, அண்டங்களின் பரஸ்பர ஈர்ப்பினால் இவ்விரிவும் வரவர மெதுவாக வேண்டுமல்லவா? எவ்வளவு மெதுவாகிறது என்று அளப்பதே 1990-களில் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்களின் நோக்கம். ஒன்றுக்குத் தலைவர் பெர்க்லியைச் சேர்ந்த சால் பெர்ல்மட்டர். மற்றொன்றுக்குத் தலைவர் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய பிரையன் ஷ்மிட். அக்குழுவில் ஆடம் ரீஸ் முக்கியமானவர். மெதுவாகிறதா என்று எவரும் கேட்கவில்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அளப்பதற்கு ஒரு விளக்கு வேண்டும். இரவு நேரத்தில் ரயிலில் வருகிறோம். தொலைவில் ஒரு சிற்றூர் நிலையத்தின் விளக்கு மினுக்குகிறது. அது எத்தனை வாட் விளக்கு என்று நமக்குத் தெரிந்திருந்தால், கண்ணுக்குத் தெரியும் மங்கலைக் கொண்டே நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பிரபஞ்சத்தின் மறுகோடிவரை தெரியக்கூடிய அத்தகைய விளக்கு ஒன்று உண்டு. அந்த விளக்கின் வரலாற்றில் ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு லாகூரில் பிறந்தார். தந்தையார் ரயில்வே கணக்குத் தணிக்கைத் துறையில் உத்தியோகம் பார்த்ததால் குடும்பம் அங்கே இருந்தது. பணி நிமித்தமாக வெளி மாநிலத்தில் பிள்ளை பெற்று வளர்ப்பது என்பது நேயர்களில் பலர் அறிந்த வாழ்க்கைதான். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல், பத்தொன்பதாம் வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அக்கடற்பயணத்திலேயே ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி 'வெண்குள்ளன்' என்னும் நிலையை அடைகிறது. அத்தகைய வெண்குள்ளனின் எடைக்கு ஒரு மேல் வரம்பு உண்டு. அது ஏறத்தாழ 1.4 சூரியன்களின் எடை. 1935-இல் எடிங்டன் போன்ற பேரறிஞரே இக்கருத்தை வெளிப்படையாக எதிர்த்தார். சந்திரசேகர் வாதாடிக்கொண்டிருக்காமல் வேலையைத் தொடர்ந்தார். 1983-இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

வெண்குள்ளன் ஒன்று அருகிலுள்ள துணை நட்சத்திரத்திடமிருந்து பொருளைக் கவர்ந்துகொண்டு அவ்வரம்பை நெருங்கினாலோ, இரு வெண்குள்ளர்கள் ஒன்றோடொன்று சேர்ந்தாலோ, முழு நட்சத்திரமும் ஓர் அணுகுண்டைப் போல வெடிக்கிறது. இதற்கு 'முதல் அ வகை மீயொளிர் நட்சத்திரம்' என்று பெயர் கொள்ளலாம். சில வாரங்களுக்கு அந்த ஒன்று மட்டும் ஓர் அண்டம் முழுவதற்கும் நிகராக ஒளிரும். எல்லா வெடிப்புகளும் அச்சு அசலாக ஒரே ஒளித்திறன் உடையவை அல்ல. ஆனால் அதிக ஒளியுடையவை மெதுவாகவும், குறைந்த ஒளியுடையவை விரைவாகவும் மங்குகின்றன என்று மார்க் பிலிப்ஸ் 1993-இல் காட்டியதால், மங்கும் வேகத்தைக் கொண்டு உண்மை ஒளியைத் திருத்திக் கணக்கிட இயலும்.

ஓர் அண்டத்தில் இத்தகைய வெடிப்பு சில நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் நேரும். ஆகவே குழுவினர் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான அண்டங்களைப் படம் பிடித்தனர். அமாவாசையை ஒட்டி வானத்தை ஒரு முறை படமெடுப்பார்கள். மூன்று வாரம் கழித்து அதே பகுதியை மறுபடியும் எடுப்பார்கள். ஒரு படத்திலிருந்து மற்றொன்றைக் கழித்தால் புதிதாகத் தோன்றிய புள்ளி மட்டும் எஞ்சும். உடனே பெரிய தொலைநோக்கிகளை அதன்மேல் திருப்புவார்கள். சிலி நாட்டு மலைகளிலும் ஹவாய்த் தீவிலும் இவ்வேட்டை ஆண்டுக்கணக்கில் நடந்தது.

1998-இல் இரு குழுக்களும் தனித்தனியே ஒரே முடிவை அறிவித்தன. தொலைதூர வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ கால் பங்கு மங்கலாக இருந்தன. அதாவது அவை இருக்க வேண்டிய தூரத்தைவிட அப்பால் இருந்தன. விரிவு மெதுவாகவில்லை, விரைவடைந்திருக்கிறது. ரீஸ் முதலில் கணக்குப் பார்த்தபோது பிரபஞ்சத்திலுள்ள பொருளின் அளவு சுழிக்கும் கீழே, எதிர்மறை எண்ணாக வந்தது. பிழை எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தார், பிழை இல்லை. மேலே எறிந்த கல் வேகம் குறையாமல், திடீரென்று மேலும் மேலும் விரைந்து வானத்தில் மறைந்தால் நாம் எவ்வளவு திகைப்போமோ, அவ்வளவு திகைப்பு அவர்களுக்கு ஏற்பட்டது. 2011-இல் பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவருக்கும் பரிசு கிடைத்தது இதற்குத்தான். நான் வெட்டியது இச்சொல்லைத்தான்.

ஒரே சாட்சியை நம்பி வழக்கை முடித்துவிடலாகாது. வேறு சாட்சிகளும் வந்தன. பிரபஞ்சம் தோன்றி 3,80,000 ஆண்டுகள் ஆனபோது வெளிப்பட்ட ஒளி இன்றும் வானம் முழுவதும் மெல்லிய நுண்ணலையாகப் பரவியிருக்கிறது. 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் தற்செயலாக அதைக் கண்டனர். 2001-இல் ஏவப்பட்ட டபிள்யூமாப், 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் ஆகிய விண்கலங்கள் அவ்வொளியிலுள்ள மிக நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளை வரைபடமாக்கின. அவற்றிலிருந்து பிரபஞ்சத்தின் ஐந்தொகையைக் கணக்கிட முடிந்தது. நாமும் நட்சத்திரங்களும் ஆன சாதாரணப் பொருள் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு. ஈர்ப்பினால் மட்டும் தன்னை உணர்த்தி, ஒளி எதுவும் தராத இருட்பொருள் 27 பங்கு. எஞ்சிய 68 பங்கு, விரிவை விரைவாக்கும் இந்தப் பெயரறியா ஒன்று.

அதற்குப் பெயரிட்டவர் மைக்கேல் டர்னர் என்னும் அமெரிக்க அறிஞர், ஆண்டு 1998. அவர் இட்ட ஆங்கிலப் பெயரைத் தமிழில் இருளாற்றல் எனலாம். பெயர்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் இங்கே ஒரு சொல். கரிய நிறமுடையது என்றோ, தீயது என்றோ இதற்குப் பொருள் இல்லை. நிறமே இல்லாதது அது; ஒளியை மறைப்பதும் இல்லை. நம் மொழியில் இருள் என்பதற்கு அறியாமை என்றும் ஒரு பொருள் உண்டு. அந்தப் பொருளில் கொண்டால் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிடுகிறது.

இனி அதன் இயல்பைப் பார்ப்போம். மிகவும் மெலிந்த ஆற்றல் அது. ஒரு கன மீட்டர் வெளியில் உள்ள இருளாற்றலை எடையாக மாற்றிச் சொன்னால் மூன்று, நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் எடைதான் வரும். இந்தப் பூமியின் கன அளவு முழுவதற்கும் சேர்த்தால் ஏறத்தாழ 6 மில்லிகிராம். இரண்டு மூன்று கடுகின் எடை. அதனால்தான் நம் வீட்டிலோ, சூரிய மண்டலத்திலோ, ஓர் அண்டத்தினுள்ளோ அதன் செயலை நாம் உணர்வதில்லை. ஆனால் அண்டங்களுக்கிடையே உள்ள வெளி மிகப் பெரிது. அங்கே சிறுதுளி பெருவெள்ளமாகிறது.

அதனினும் வியப்பான இயல்பு ஒன்றுண்டு. ஒரு பெட்டியின் நீள அகல உயரங்கள் இரு மடங்கானால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகும். உள்ளே இருக்கும் பொருளின் அடர்த்தி எட்டில் ஒன்றாகக் குறையும். பிரபஞ்சம் விரியும்போது சாதாரணப் பொருளும் இருட்பொருளும் இவ்வாறு நீர்த்துப் போகின்றன. இருளாற்றலோ, கண்டவரையில், நீர்த்துப் போவதாகத் தெரியவில்லை. வெளி பெருகப் பெருக அதுவும் பெருகுகிறது. தண்ணீர் விட்டுக் கரைக்கக் கரைக்கப் புளிப்பு குறையாத மாவை என் தாயார் எங்கேயும் கண்டதில்லை; நானும் கண்டதில்லை. இவ்வாறு நீர்க்காத ஆற்றலுக்கு, ஐன்ஸ்டைனுடைய சமன்பாடுகளின்படி, ஈர்ப்பதற்கு மாறாகத் தள்ளும் விளைவு உண்டு. ஆகவே ஆதியில் பொருள் அடர்ந்திருந்த காலத்தில் ஈர்ப்பு வென்றது. விரிவு மெதுவாகிக்கொண்டே வந்தது. பொருள் மெலிந்தபின், ஏறத்தாழ 500, 600 கோடி ஆண்டுகளுக்கு முன், துலாக்கோல் மறுபக்கம் சாய்ந்தது. அதன்பின் விரைவு தொடங்கியது. நம் பூமி தோன்றியது அதற்குப் பிறகுதான்.

அது எங்கிருந்து வந்தது? மூன்று விடைகள் பேசப்படுகின்றன.

முதல் விடை, வெற்றிடமே வெறுமையானதன்று என்பது. துகள்களைப் பற்றிய குவாண்டம் கொள்கையின்படி, எல்லாவற்றையும் வெளியேற்றிய பின்னும் வெளியில் ஓர் அடிப்படை ஆற்றல் எஞ்சியிருக்க வேண்டும். அப்படியானால் ஐன்ஸ்டைன் கைவிட்ட லாம்டாவுக்குப் புதிய பொருள் கிடைக்கிறது. வேண்டாமென்று வீசியெறிந்ததைப் பேரப்பிள்ளைகள் குப்பையிலிருந்து எடுத்துவந்து நடுக்கூடத்தில் வைத்த கதை அது. ஆனால் ஒரு பெருந்தடை. அந்த ஆற்றல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நேர்வழியில் கணக்கிட்டால், வானத்தில் காணப்படுவதைவிட, ஒன்றுக்குப் பின் ஏறத்தாழ 120 சுழிகள் இட்ட எண்ணளவு மடங்கு அதிகமாக வருகிறது. பௌதிகத்தில் கணக்கும் காட்சியும் இவ்வளவு முரண்பட்டு நிற்கும் இடம் வேறில்லை என்பார்கள்.

இரண்டாம் விடை, இருளாற்றல் காலத்துக்குக் காலம் மாறக்கூடிய ஒரு புலம் என்பது. இதற்கு மேனாட்டார் வைத்த பெயர் 'ஐந்தாம் பூதம்' என்று பொருள்படும். நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கோடு வானுலகப் பொருளை ஐந்தாவதாகக் கொண்டனர் பழைய கிரேக்கர். நாமும் ஐம்பூதங்களில் வெளியையே ஐந்தாவதாகச் சொல்கிறோம். இப்பெயரொற்றுமையைக் கண்டு, இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தவையே என்று மேடைகளில் சிலர் முழங்கக் கூடும். முன்னோர் வெளியை ஒரு பொருளாக எண்ணிப் பார்த்தது பெருமைக்குரியது. ஆனால் அளவும் சான்றும் இல்லாத எண்ணம் வேறு, இரு குழுக்கள் ஆண்டுக்கணக்கில் விழித்திருந்து பெற்ற அளவு வேறு.

மூன்றாம் விடை, அப்படி ஓர் ஆற்றலே இல்லை, மிகப் பெரிய தொலைவுகளில் ஈர்ப்பு விதியே வேறு வகையாகச் செயல்படுகிறது என்பது. இவ்வழியில் எழுந்த கொள்கைகள் பலவற்றுக்கு 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் ஒரு சோதனை வந்தது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதின. அம்மோதலிலிருந்து புறப்பட்ட ஈர்ப்பலையும் காமாக் கதிர்களும், 13 கோடி ஆண்டுப் பயணத்துக்குப் பின், 1.7 விநாடி இடைவெளியில் பூமியை வந்தடைந்தன. இரண்டும் ஒரே வேகத்தில் செல்கின்றன என்பது உறுதியாயிற்று. வேறுபட்ட வேகங்களை எதிர்பார்த்த கொள்கைகள் அன்றோடு விடைபெற்றன.

இம்மூன்றில் எது மெய் என்பதற்கான தேடல் இன்று சூடு பிடித்திருக்கிறது. அரிசோனாவில் கிட் சிகரத்தின் மீதுள்ள மேயால் தொலைநோக்கியில் டெசி என்னும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. 5,000 ஒளியிழைகளைச் சிறு இயந்திரக் கைகள் நகர்த்தி, ஒரே நேரத்தில் அத்தனை அண்டங்களின் ஒளியையும் பிரிக்கும் கருவி அது. ஆதியில் பிரபஞ்சத்தில் எழுந்த ஒலியலைகள் அண்டங்களின் பரவலில் விட்டுச் சென்ற தடம் ஒன்று, இன்று ஏறத்தாழ 50 கோடி ஒளியாண்டு நீளமுள்ள ஓர் அளவுகோலாகப் பயன்படுகிறது. அதைக் கொண்டு பல்வேறு காலங்களில் விரிவு எவ்வாறிருந்தது என்று டெசி அளக்கிறது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி அண்டங்கள் முதலியவற்றின் அளவுகளை வைத்து அக்குழுவினர் வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தைக் கவர்ந்தது. மற்றச் சான்றுகளோடு சேர்த்துப் பார்த்தால், இருளாற்றல் மாறாத ஒன்றாக இல்லாமல், காலப்போக்கில் வலிமை குன்றி வருவதாகக் குறிப்புத் தெரிகிறது. தற்செயலால் நேர்ந்திருக்கும் வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்றுக்கு மேற்படாதபோதுதான் பௌதிக அறிஞர் ஒன்றைக் கண்டுபிடிப்பு என்று ஒப்புவர். இக்குறிப்பு அந்த எல்லையை எட்டவில்லை. ஐரோப்பியர் 2023 ஜூலையில் ஏவிய யூக்ளிட் விண்கலமும், சிலி நாட்டில் 2025 ஜூனில் முதற் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானிலையமும் இதே வழக்கில் சாட்சி சொல்ல வந்திருப்பவை.

இது அறிஞர்களின் அக்கறை மட்டுமன்று; பிரபஞ்சத்தின் முடிவு இதில்தான் அடங்கியிருக்கிறது. இருளாற்றல் மாறாமல் நீடித்தால், 10,000 கோடி ஆண்டுகள் அளவில், தொலைவிலுள்ள அண்டங்கள் அனைத்தும் பார்வைக்கு எட்டாத எல்லைக்கு அப்பால் மறைந்துவிடும். ஆயினும் ஈர்ப்பினால் ஏற்கெனவே கட்டுண்டவை பிரியமாட்டா. நம் பால்வீதியும், 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலிருந்து நம்மை நோக்கியே வந்துகொண்டிருக்கும் ஆந்திரமேதா அண்டமும், அவற்றைச் சூழ்ந்த சிற்றண்டங்களும் ஒரே குடும்பமாக நிற்கும். விரிவு அவற்றைத் தொடாது. அவ்வளவு தூரக் காலத்தில் எவரேனும் இருந்து வானை ஆராய்ந்தால், தம்முடைய தீவைத் தவிர வேறு எதையும் காணமாட்டார். விலகிச் செல்லும் அண்டம் ஒன்றுகூட அவர் கண்ணில் படாது. 1917-இல் ஐன்ஸ்டைன் எண்ணியதைப் போலவே, பிரபஞ்சம் என்றும் அசையாது நிலைபெற்றது என்று அவர் முடிவு செய்வார். அவரைத் திருத்தச் சான்று எதுவும் வானத்தில் மிஞ்சியிராது. அச்சான்றுகள் இன்னும் வானத்தில் இருக்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம்.

இவற்றையெல்லாம் ஒரு மாலை என் தாயாரிடம் சொல்லி முடித்தபோது, "ஆக, புளிப்பு எது என்று இன்னும் தெரியவில்லை" என்றார். ஆம், தெரியவில்லை. ஆனால் ஒன்றை நான் அவருக்கு நினைவூட்டினேன். பால் புளிப்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் 1857-இல்தான் காட்டினார். அதற்கு முன் எத்தனையோ தலைமுறைப் பெண்கள், காரணம் அறியாமலே, எவ்வளவு நேரத்தில் புளிக்கும், எந்தக் குளிரில் புளிக்காது, எவ்வளவு பொங்கும் என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தார்கள். பொங்கும் அளவை முதலில் அறிவது, பொங்க வைப்பதைப் பின்னர் அறிவது என்பது புதிய வழக்கமன்று. வானியலார் இன்று அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறார்கள்.

ஜாம்ஷெட்பூர் ஆசிரியர் இன்று வானொலிக்கு அருகில் இருக்கிறாரோ, இல்லையோ, அறியேன். இருப்பின், அவருக்கு என் பணிவான விடை இது: ஐயா, விரிவுக்காக அப்பரிசு தரப்படவில்லை, விரைவுக்காகத் தரப்பட்டது. அச்சொல்லை நீக்கியது என் தவறு. தாங்கள் கேட்ட கேள்வி சரியானது.